வேஸ்ட் டிரம்

எங்கள் வீட்டில் எந்தக் குப்பைத்தொட்டியும் நிலைத்ததில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வீடு கட்டத் தெரிகிறது, பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பத் தெரிகிறது, அச்சாபீஸ் வேலையைப் பார்க்கத் தெரிகிறது, ஒரு குப்பைத்தொட்டி வாங்கி வைக்கத் துப்பில்லையா என்று கேட்பார்கள். கேட்கட்டும். சிவகாசிக்கு வெளியே விருதுநகர் ரோட்டுப் பக்கம், கரிசல் காட்டைப் பிளாட் போட்ட இடத்தில் ஒரு வருசம் குடியிருந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

வீட்டைச் சுற்றி நிறைய இடம். கொல்லையில் பழைய வேப்பமரங்கள், ஒரு புங்கை, ஒரு முருங்கை. இடம் பார்க்க வந்த அன்று அந்த நிழலில்தான் நான் மயங்கிப்போனேன். நிழல் தருகிற மரம் இலையும் உதிர்க்கும் என்பது குடிவந்த பிறகுதான் உறைத்தது. மாசி பிறந்தால் போதும், காலையில் கூட்டிவிட்டு நிமிர்கிறபோதே மறுபடி உதிர ஆரம்பித்திருக்கும். சாயங்காலம் பார்த்தால் கூட்டின அடையாளமே இருக்காது.

முதலில் வாங்கியது மூடி போட்ட பச்சை பிளாஸ்டிக் தொட்டி. கடைக்காரர் அதைக் கவிழ்த்து, மேலே ஏறி நின்று காட்டினார். "யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாதுக்கா" என்றார். யானை எதுவும் வரவில்லை. வெயில்தான் வந்தது. ஒரு கோடை கழிந்து ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன், பிடித்த இடம் மட்டும் அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்துவிட்டது. அடுத்து, எண்ணெய் வந்த தகர டின். அது ஐப்பசி மழையில் அடிப்பக்கம் துருப்பிடித்து, நான் தூக்குகிற நேரமாகப் பார்த்து அறுந்து விழுந்தது. மீன் கழுவின செதில் மொத்தமும் என் காலில். பிறகு மகன் போனில் பார்த்து ஆர்டர் போட்டு அனுப்பிய, சக்கரம் வைத்த பெரிய தொட்டி. சக்கரம் கரிசலில் ஓடுமா? ஒரு மழைக்கே மண்ணை அப்பிக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. நின்ற தொட்டியைச் சாய்ப்பது எப்படி என்று தெருநாய்கள் இரண்டே நாளில் படித்துக்கொண்டன. காலையில் கதவைத் திறந்தால் முட்டை ஓடும் பால் பாக்கெட்டும் வாசல்வரைக்கும் இறைந்து கிடக்கும்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவர் என் மாமனார். அவருக்குத் தொட்டிகளில் நம்பிக்கையே கிடையாது. கூட்டு, குவி, கொளுத்து என்பதுதான் அவருடைய வழி. அச்சாபீஸை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்க ஆரம்பித்த பிறகு அவருக்கென்று இருந்த ஒரே வேலை அந்த வேப்பிலைதான். வெயில் தாழ்ந்ததும் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். போகிறபோது முகத்தில் ஒரு தனி உற்சாகம் இருக்கும். குப்பை வண்டியில் வருகிற பெண்ணும் அவர் கட்சிதான். "யக்கா, வீட்டுக் குப்பையைக் குடுங்க. இலை தழையெல்லாம் வண்டியில ஏத்தினா எங்களைத்தான் வைவாக. பெரியவர் செய்யிற மாதிரி பொசுக்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

பொசுக்கலாம். புகை எங்கே போகும்? காயப்போட்ட துணிக்குப் போகும், அடுப்படி ஜன்னல் வழியாக எனக்கு வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. வேப்பிலைப் புகை பட்டால் மூச்சு விசிலடிக்கும். இதை அவரிடம் தன்மையாகவும் சொல்லியிருக்கிறேன், கத்தியும் சொல்லியிருக்கிறேன். தன்மையாகச் சொன்னது குறைவுதான். வாயைக் கட்டிப்போடும் வித்தை எனக்கு வராது.

கடைசியில் கிணற்று உறை ஒன்றை வாங்கி வேப்பமரத்தடியில் இறக்கினேன். சிமெண்ட் உறை. வெயில் அதை ஒன்றும் செய்யாது, நாய் அசைக்க முடியாது. இலையை அதில் போட்டு மண்ணும் சாணியும் தெளித்தால் நாலு மாதத்தில் உரம். தெளிவாக எடுத்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அடுத்த வாரமே உறையை நிறைத்து அதற்குள் தீயை வைத்துவிட்டார். காற்றில் பறக்காமல் எரியுமே என்று நினைத்தாராம். உள்ளே அனல் பிடித்து, படார் என்று உறை மேலிருந்து கீழ்வரைக்கும் வெடித்துப் பிளந்தது.

அன்றைக்கு நான் பேசியது அதிகம்தான். குப்பை வண்டிப் பெண் கேட்டில் நிற்கிறாள் என்பதைக்கூடப் பார்க்கவில்லை. "நான் வாங்கி வச்ச சாமானை நீங்க எதுக்குத் தொடுறீக?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓகோ, உன் சாமான் என் சாமான்னு ஆகிப்போச்சா? சரித்தா. இனி நீ வாங்குனது எதையும் இந்தக் கை தொடாது."

சொன்னது போலவே செய்தார். நான் வாங்கிய தம்ளரில் காப்பி குடிக்கவில்லை. பரணில் கிடந்த பழைய நசுங்கிய தம்ளரைத் தேடி எடுத்துக் கழுவி வைத்துக்கொண்டார். நான் எடுத்துவந்த நாற்காலியில் உட்காரவில்லை. நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. அவரை "மாமா" என்று கூப்பிடுவதை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டுக்குள் பேசாமல் இருப்பது பெரிய கஷ்டமே இல்லை. சுவரைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். "காப்பி ஆறுது" என்று நான் சுவரிடம் சொல்வேன். "ஆறட்டும்" என்று அவர் காலண்டரிடம் சொல்வார். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது என் கணவர்தான்.

சாயங்காலத் தீ மட்டும் நிற்கவில்லை. உடைந்த உறைக்குப் பக்கத்திலேயே வெறும் தரையில் குவித்துக் கொளுத்தினார்.

எனக்கு ஆங்காரம் வந்துவிட்டது. எரிக்கிற பேச்சுக்கே இடமில்லாமல், கனமாக, மூடியோடு, இலையும் வீட்டுக் குப்பையும் சேர்த்துக் கொள்ளுகிற மாதிரி ஒன்றை வைத்தே தீருவது என்று முடிவுசெய்தேன். தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறான். மருந்துச் சாமான் வருகிற இரும்பு டிரம்கள் அங்கே காலியாகக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"ஏலே, உங்க கம்பெனியில வேஸ்ட் டிரம் ஏதாவது கிடந்தா ஒண்ணு அனுப்பிவையி. குப்பை போடணும். நாய் உருட்ட முடியாத கனமா இருக்கணும்."

"இதுக்கா இம்புட்டு யோசிச்ச? லோடு வண்டி அங்கிட்டு வரும்போது ஏத்திவிடச் சொல்றேன்" என்றான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நானும் அவனும் விருதுநகரில் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அங்கே "வேஸ்ட்" என்று யாரும் சொன்னதில்லை. காம்பு, தூசி, சண்டு என்றுதான் பேச்சு. அந்த வார்த்தையை நான் கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு அச்சாபீஸில். எங்களுக்கு வேஸ்ட் என்றால் கட்டிங் மிஷினில் விழுகிற காகிதத் துண்டு, பழைய பிளேட், உபயோகமில்லாத எதுவும். காகித வேஸ்ட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்போம், அதைவிடச் சுகமாக எரிவது ஒன்றும் கிடையாது. தம்பி அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டது பட்டாசு கம்பெனியில். அங்கே வேஸ்ட் என்றால் மருந்துக் கலவை அறையில் சிந்தியது, கூட்டிப் பெருக்கின தூள், கோளாறாகிப்போன வெடி. அதற்கென்று தனி டிரம், தனி இடம். அதன் பக்கம் யாரும் நெருப்பைக் கொண்டுபோவதில்லை.

நான் கேட்டது தம்பிக்குச் சரியாகத்தான் புரிந்திருக்கிறது, குப்பை போட என்று சொன்னேனே. ஆனால் அவன் போர்மேனிடம் போனில் சொன்னது, "அக்கா வீட்டுக்கு வேஸ்ட் டிரம் ஒண்ணு ஏத்திவிடுங்க" என்பது மட்டும்தான்.

டிரம் வந்தது ஒரு பங்குனிக் காலையில். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டி, எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். வண்டிக்காரர் அதை இறக்கி, உடைந்த உறையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே வேப்பமரத்தடியில் நிமிர்த்தி வைத்தார். "மூடி பின்னால வரும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மனசு நிறையப் பெருமை. வெயில் தின்ன முடியாது, நாய் சாய்க்க முடியாது, சீக்கிரம் துரு ஏறாத கனத் தகரம். உள்ளே எட்டிப் பார்த்தபோது அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது, கூடவே நூலும் காகிதப் பிசிறும். கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளி மினுக்கு ஒட்டியது. பெயிண்ட் போல என்று நினைத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

மாமனாரும் பார்த்தார். நான் ஸ்கூட்டியை வெளியே எடுக்கும்போது அவர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தொடவில்லை. கையிலிருந்த கம்பால் மட்டும் ரெண்டு தட்டுத் தட்டினார். டங் டங் என்றது. தலையை ஆட்டிக்கொண்டார். நல்ல சாமான் என்று அவருக்கும் பட்டிருக்கிறது. அதைப் பார்த்து எனக்குள் ஒரு கர்வம்.

அன்று கணவர் மதுரைக்குக் காகிதம் எடுக்கப் போயிருந்தார். அச்சாபீஸில் நான்தான். பட்டாசுப் பெட்டி லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் இறங்குகிற நேரத்தில் தம்பி கூப்பிட்டான்.

"யக்கா, டிரம் வந்துச்சா?"

"வந்துச்சுலே. ராசா மாதிரி நிக்கி."

"அதுல என்ன போட்ட?"

"இன்னும் ஒண்ணும் போடலை. கழுவிட்டுத்தான்..."

"கழுவாத!" அவன் கத்தினான். என்னிடம் அப்படிக் கத்துகிறவன் இல்லை. "தொடாத, உருட்டாத, தண்ணி ஊத்தாத. அது மருந்து வேஸ்ட் போடுற டிரம்முக்கா. போர்மேன் மாத்தி ஏத்திவிட்டுட்டாரு. நான் இப்பத்தான் உள்ள வந்து பாக்கேன், வேஸ்ட் போடுற இடத்துல புது டிரம் நிக்கி. கேட்டா, நீங்கதானே அனுப்பச் சொன்னீகங்காரு. கவுத்துத் தட்டித்தான் விட்டிருக்காரு. ஆனா அடியில ஒட்டினது அப்படியே இருக்கும். அலுமினியப் பவுடர் கலந்தது, தண்ணி பட்டாலும் சூடாகும். எங்கன வச்சிருக்க?"

"கொல்லையில. வேப்பமரத்தடியில."

"பக்கத்துல நெருப்பு கிருப்பு எதுவும் இல்லைல்ல?"

மணியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்ச் சுவரில் வெயில் மஞ்சளாக ஏறியிருந்தது. அவர் மடியில் தீப்பெட்டியைச் செருகுகிற வெயில் அது.

"நான் ஆளோட கிளம்பிட்டேன். நீ மொதல்ல மாமாவை வெளிய வரச் சொல்லு" என்று தம்பி வைத்துவிட்டான்.

மாமனாருக்குப் போன் அடித்தேன். ரெண்டு தடவை மணி அடித்து நின்றது. எடுக்கவில்லை, வெட்டிவிட்டார். என் பெயரைப் பார்த்துத்தான் வெட்டியிருப்பார். மறுபடி அடித்தேன். இந்த முறை அடித்து அடித்து ஓய்ந்தது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். கணவருக்குச் சொன்னேன், அவரும் அடித்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் பூட்டு. எதிர் வீட்டு அம்மா கோயிலில் நின்றுகொண்டு, மேளச் சத்தத்துக்கு நடுவில், "என்னது? என்னது? சத்தமாச் சொல்லும்மா" என்றாள்.

ஸ்கூட்டியை எப்படி எடுத்தேன் என்று தெரியாது. வாய் மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தது. பிடிவாதக்கார மனுசன், போனை எடுத்தால் குறைந்தா போய்விடுவார் என்று அவரைத் திட்டினேன். ஒரு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத தம்பியைத் திட்டினேன். திட்டுகிறவரை பயம் கொஞ்சம் தள்ளி நின்றது. தெற்கு ரதவீதி தாண்டித் திரும்பினால் ரயில்வே கேட் போட்டிருந்தது.

வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. எனக்கு முன்னால் ஒரு லாரி. இஞ்சினை அணைத்தேன். மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நான் வாங்கியதைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர், அந்த டிரம்மையும் தொட மாட்டார். தொட மாட்டாரா? கம்பால் தட்டிப் பார்த்தாரே. காற்றில் இலை பறக்காமல் எரிய அதைவிடத் தோதான சாமான் கிடைக்குமா? உறையில் தீ வைத்த மனுசன். சரி, தரையிலேயே கொளுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். தீ எரிகிற இடமும் டிரம் நிற்கிற இடமும் ஒன்றுதானே. மூடி வேறு இல்லை. ஒரு பொறி போதும்.

முந்தானையைப் பார்த்தேன். காலையில் துடைத்த வெள்ளி மினுக்கு மடிப்பில் அப்படியே இருந்தது.

அப்போது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டம் என்று ஒன்று.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் காதைப் பொத்துவதில்லை. எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று. கேட்டில் நின்ற அத்தனை பேரும் தலையைத் திருப்பினார்கள். லாரி டிரைவர் கதவைத் திறந்து படியில் ஏறி நின்று பார்த்தார். "எங்கன அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் எது, சத்தம் வந்த பக்கம் எது என்று அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருசம் இருந்த ஊரில் திசை மறந்து நின்றேன்.

"புகையைக் காணோம். கல் குவாரியில வெடி வச்சிருப்பான்" என்று லாரி டிரைவர் இறங்கிவிட்டார். ஜனங்கள் பழையபடி செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு மட்டும் இளைப்பு ஏறி மூச்சு விசிலடித்தது.

கேட் திறந்து, லாரியை முந்தி, எங்கள் தெரு முனையில் திரும்பியபோது வீட்டுக் காம்பவுண்டுக்கு மேலே புகை தெரிந்தது. வெள்ளையாக, சோம்பலாக எழும்புகிற இலைப் புகை. வெடித்த புகை இல்லை. நாய் வராமல் இருக்க அவர் முன்கேட்டில் உள்பக்கம் சங்கிலி போட்டு வைப்பார். கம்பிக்குள் கையை விட்டுக் கழற்றினேன். ஸ்கூட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினேன்.

தரையில் கொளுத்திய குவியல் எரிந்து அடங்கியிருந்தது. அவர் சிமெண்டுச் சட்டியில் சாம்பலை அள்ளி, ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். சாம்பலுக்குள் சிவப்பாகக் கங்கு தெரிந்தது. அவர் போய்க்கொண்டிருந்தது டிரம்மைப் பார்த்து. சட்டியை உயர்த்திவிட்டார். கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

"மாமா!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று இன்னமும் எனக்குச் சந்தேகம். போடாதீக, நில்லுங்க என்றெல்லாம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்து வந்தேன். வந்தது அது ஒன்றுதான்.

அவர் அப்படியே நின்றார். சட்டி தூக்கிய நிலையில், தலையை மட்டும் திருப்பினார். முகத்தில் பயமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது. சட்டியின் ஓரத்திலிருந்து ஒரு கங்கு நழுவி அவர் காலடியில் விழுந்து உருண்டது.

"என்னத்தா?" என்றார்.

"மாமா, அப்படியே பின்னால வாங்க. சட்டியைச் சாய்க்காதீக. டிரம்மைப் பாக்காதீக, என்னைப் பாத்து வாங்க. மாமா, மெதுவா."

ஏன் என்று கேட்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற மனுசன் அன்று கேட்கவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தார். வேப்பமரம் லேசாக அசைந்தது. காற்று வந்தால் சட்டியிலிருந்து பொறி பறக்கும், பறந்தால் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டு மூலைக்கு அவர் வந்ததும் சட்டியை வாங்கி முன்பக்கம் கொண்டுபோய் வைத்து மண்ணை அள்ளிப் போட்டேன். திரும்பப் போய், அவர் காலடியில் விழுந்த கங்கையும் எரிந்த குவியலையும் கரிசலைத் தோண்டி மூடினேன். டிரம்மிலிருந்து அது அதிக தூரமில்லை. முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு மண் அள்ளிய நேரம் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

பிறகு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, முனையில் இருக்கிற பாலத்துக் கட்டையில் உட்கார வைத்தேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். வேஸ்ட் டிரம் என்று நான் கேட்டது, தம்பி சொன்னது, போர்மேன் அனுப்பியது. அவர் எங்கள் வீட்டுப் பக்கமே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ கூப்பிட்டப்ப போனை நான்தான் வெட்டினேன்" என்றார்.

"தெரியும் மாமா."

"பேசணும்னா நேர்ல வந்து பேசட்டும்னு வெட்டினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சண்டையும் போட்டேன். "நான் வாங்குனதைத் தொட மாட்டேன்னு சொன்னீகளே! ஒரு மாசமா தம்ளரைக்கூடத் தொடலையே! இன்னைக்கு மட்டும் எதுக்கு அதுகிட்டப் போனீக?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாம்பலை அள்ளி உன் டிரம்முல போட்டு வச்சா, கொல்லை சுத்தமா இருக்கேன்னு நீ பாப்ப. பாத்துட்டு நீயா பேசுவேன்னு நினைச்சேன்த்தா. நானா வந்து எப்படிப் பேச? வயசுல பெரியவன்."

அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. அந்தச் சட்டியை அவர் ரெண்டு கையாலும் தூக்கி வந்த விதம் கண்ணுக்குள் நின்றது. ரயில்வே கேட் இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்திருந்தால், என்னோடு ராசியாகப் போவதற்காகவே அவர் செத்திருப்பார்.

தம்பி இருட்டுவதற்குள் ஆட்களோடு வந்துவிட்டான். முகம் வெளிறிப் போயிருந்தது. டிரம்மை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தரையில் உரசாமல் தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். மாமனாரிடம் கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான். பிறகு என்னிடம் வந்து, "நாளைக்கே நல்ல காலி டிரம்மா, கழுவி, மூடியோட..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம்" என்றேன் நான். அதே நேரத்தில் "வேண்டாம்ப்பா" என்று பின்னாலிருந்து அவரும் சொன்னார்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது கொல்லையில் அவர் கம்பால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்திலிருந்து தள்ளி, சுவரோரமாக ஒரு சதுரம். வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் பின்பக்கம் அடுக்கியிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் ஏற்கெனவே கொண்டுவந்து போட்டிருந்தார்.

"இங்கன ரெண்டு அறையாக் கட்டிருவோம். ஒண்ணுல வீட்டுக் குப்பை, ஒண்ணுல இலை. வெயில் தின்னாது, நாய் தள்ளாது. மேல தகரம் போட்டு மூடிக்கலாம்" என்றார். பேச்சு காலண்டரிடம் இல்லை, என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தச் செங்கல் நீ வாங்குனதா, நான் வாங்குனதா?" என்று கேட்டார்.

"தெரியலை மாமா."

"அப்ப நான் தொடலாம்ல?"

"தொடுங்க. தீப்பெட்டியை மட்டும் என்கிட்டக் குடுத்திருங்க."

அவர் மடியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். பெட்டி தட்டையாக நசுங்கிப் போயிருந்தது. உள்ளே குச்சிகள் முறிந்து கிடந்தன. முந்தின நாள் பாலத்துக் கட்டையில், ஒரு கையை என் பிடியில் விட்டுவிட்டு, மற்ற கையால் அவர் மடியை இறுக்கிப் பிசைந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.